இரண்டு குறள் இடத்தில் ஒரு கச்சேரி

அருப்புக்கோட்டை என்றதும் அரசியல் தெரிந்தவர்களுக்கு 1977 ஞாபகம் வரும். எம்.ஜி.ஆர். அந்தத் தொகுதியில் ஜெயித்துத்தான் முதல் தடவையாக முதலமைச்சர் ஆனார். அதே 1977-ல் அமெரிக்காவில் வேறொரு காரியம் நடந்தது. ஆப்பிள் 2, கமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 என்று மூன்று கம்ப்யூட்டர்கள் கடைக்கு வந்தன. அதுவரை ஏ.சி. அறையில் குடியிருந்த பூதம், வீட்டு மேஜைக்கு இறங்கி வந்த வருஷம் அது.

இந்த ரெண்டு சேதிக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால், அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களின் வாரிசுகளை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் சில பையன்கள் ஒரு வித்தை பழகினார்கள். அந்த வித்தையின் சூட்சுமம் அருப்புக்கோட்டைத் தறிக்கும் திருச்சுழி வாசலுக்கும் ரொம்ப நாளாகவே தெரியும். இந்த வாரம் அந்தக் கதை.

முதலில் வித்தையைப் பார்த்துவிடுவோம். 2017 ஈஸ்டர் விடுமுறை. ஜெர்மனியில் ஸார்ப்ரூக்கன் என்ற ஊரில் ‘ரெவிஷன்’ என்று ஒரு திருவிழா. பெரிய ஹாலில் திரை கட்டி, பழைய கம்ப்யூட்டர்களுக்கு எழுதிய புரொகிராம்களைப் போட்டிக்கு ஓட்டுகிறார்கள். ஒரு பிரிவுக்கு விதி: புரொகிராம் 4096 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஸ்வீடனைச் சேர்ந்த லினுஸ் ஓகெஸன் அதில் ஒன்றைக் கொடுத்தார். பெயர் ‘எ மைண்ட் இஸ் பார்ன்’. கமடோர் 64 என்ற 1982-ம் வருஷத்துக் கம்ப்யூட்டரில் அது ஓடியது. தாளம், அடியில் இழையும் சுருதி, மேலே ஒரு மெட்டு, கூடவே திரையில் அசைந்து மாறும் கோலங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீடித்த ஒரு முழுக் கச்சேரி. முதல் பரிசும் அதற்குத்தான்.

புரொகிராமின் அளவு? 4096 அல்ல. வெறும் 256 பைட். அனுமதித்ததில் பதினாறில் ஒரு பங்கு.

256 பைட் என்றால் எவ்வளவு? இன்றைய கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘கு’ என்று அடித்தால் எழுத்து ஒன்று, உகரக் கொக்கி ஒன்று என ரெண்டு குறியீடு, 6 பைட். அந்தக் கணக்கில் இரண்டு திருக்குறளை டைப் அடித்தால் ஏறக்குறைய இடம் தீர்ந்துவிடும். இரண்டு குறள் இடத்தில் படம், பாட்டு, ஆரம்பம், முடிவு எல்லாம்!

இந்த மாதிரிப் படைப்புகளுக்கு ‘இன்ட்ரோ’ என்று பெயர். அதாவது அறிமுகம். எதற்கு அறிமுகம் என்று கேட்டால், திருட்டுக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பிய வீடுகளில் கமடோர் 64, இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் போன்ற சின்னக் கம்ப்யூட்டர்கள் நுழைந்தன. தனி மானிட்டர் கூட வேண்டாம். வீட்டு டி.வி.யில் சொருகினால் போதும். விளையாட்டுகள் கேசட்டிலும் ஃபிளாப்பியிலும் வந்தன. காப்பி எடுக்க முடியாதபடி கம்பெனிக்காரர்கள் அதற்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டு என்று ஒன்று இருந்தால் அதை உடைக்கிற பையன் இல்லாமலா? உடைத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காசு நோக்கமில்லை, பேர் வாங்குவதுதான் நோக்கம். அதனால் உடைத்த விளையாட்டின் முன்னால், ‘இதைத் திறந்தவர்கள் நாங்கள்தான்’ என்று தங்கள் குழுவின் பெயரைப் போட்டார்கள். கன்னம் வைத்த வீட்டில் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு வந்த திருடர்கள்!

அந்தக் கார்டு வளர்ந்தது. பெயர் அசைந்தது, பின்னால் வண்ணப் பட்டைகள் ஓடின, சங்கீதம் சேர்ந்தது. கீழே ஒரு வரி எழுத்து வலமிருந்து இடமாக ஓடி, நண்பர்களுக்கு வணக்கமும் எதிரிக் குழுக்களுக்கு வசவும் சொன்னது. ஆனால் இதற்கெல்லாம் இடம் கிடையாது. ஃபிளாப்பியில் விளையாட்டு போக மிச்சமிருக்கிற மூலைதான். அந்த மூலைக்குள் அடக்க வேண்டிய கட்டாயத்தில்தான் சின்னதாக எழுதும் கலை பிறந்தது. போகப் போக, விளையாட்டைவிட அதன் முன்னால் வருகிற இன்ட்ரோ நன்றாக இருக்கிறது என்று ஆகிவிட்டது. பிறகு விளையாட்டையும் திருட்டையும் கழற்றிவிட்டு, வித்தையை மட்டும் காட்டத் தொடங்கினார்கள். ‘டெமோ சீன்’ என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

என்ன பெரிய வித்தை? ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கமடோர் 64-ன் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தடியாக ஒரு பார்டர் இருக்கும். அங்கே எதுவும் வரைய முடியாது, அது மெஷினின் சட்டம். பழைய டி.வி. திரையில் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக விழுகிறது, வினாடிக்கு 50 தடவை. கீழ் பார்டரைப் போட மெஷினுக்குள் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு உத்தரவு. திரையில் 25 வரிசை எழுத்து வேண்டும் என்றால் 251-வது கோட்டில் கதவைச் சாத்த வேண்டும். 24 வரிசை போதும் என்றால் 247-லேயே சாத்திவிட வேண்டும்.

பையன்கள் என்ன செய்தார்கள்? ‘25 வரிசை’ என்று சொல்லி 247-வது கோட்டைத் தாண்ட விட்டார்கள். 251 வருவதற்குள் ‘இல்லை இல்லை, 24’ என்று மாற்றினார்கள். வாட்ச்மேன் 247-ல் சாத்தியிருக்க வேண்டும், அது தாண்டிப் போய்விட்டது. 251-ல் சாத்த இப்போது உத்தரவு இல்லை. கதவு சாத்தப்படவே இல்லை! பார்டர் திறந்துவிட்டது. இந்த மாற்றத்தைச் செய்யக் கிடைக்கிற அவகாசம், ஒரு வினாடியில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதையும் வினாடிக்கு 50 தடவை தவறாமல் செய்ய வேண்டும். பக்கவாட்டு பார்டர் இதைவிடக் கடினம். ‘1001 குரூ’ என்ற நெதர்லாந்துக் குழு அதையும் திறந்து காட்டிப் பெயர் வாங்கியது.

சங்கீதத்திலும் இதே கதை. அந்த மெஷினின் ஒலிச் சில்லுக்கு மூன்றே குரல். தாளம், அடிச் சுருதி, மெட்டு என்று பிரித்தால் காலி. மூன்று ஸ்வரம் சேர்ந்தொலிக்க வேண்டுமானால்? ஒரே குரலை வைத்து மூன்று ஸ்வரத்தையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசித்தார்கள். நம் காது ஏமாந்து, மூன்றும் சேர்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டது. ஒற்றை நாயனக்காரரை வைத்தே முழு மேளத்தையும் ஒப்பேற்றிய கதை.

அப்போது இன்டர்நெட் வீட்டுக்கு வரவில்லை. ஃபிளாப்பியைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். தபால்தலை வாங்கக் காசில்லாத பையன்கள் தலையின் மேல் பசையைத் தடவி அனுப்புவார்கள். வாங்கியவன் முத்திரையைக் கழுவிவிட்டு அதே தலையைத் திரும்ப ஒட்டுவான். சின்ன இடத்தில் சிக்கனம் செய்கிற புத்தி எல்லா இடத்திலும் வேலை செய்யுமல்லவா!

பின்னால் கூடிக் கொண்டாடத் தொடங்கினார்கள். பின்லாந்தில் ‘அசெம்பிளி’ என்ற திருவிழா 1992-ல் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அங்கே ‘ஃபியூச்சர் குரூ’ என்ற குழு காட்டிய ‘செகண்ட் ரியாலிட்டி’யை இன்னும் பேசுகிறார்கள். அந்தக் குழுவினர் சிலர் சேர்ந்து 1995-ல் தொடங்கியதுதான் ரெமடி கம்பெனி. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் விழுந்து விழுந்து விளையாடிய ‘மாக்ஸ் பெய்ன்’ அவர்கள் தயாரிப்பு. மூலையில் கிறுக்கிய பையன்கள் ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள்.

* * *

சரி, இரண்டு குறள் இடத்தில் இதெல்லாம் எப்படி அடங்குகிறது? இங்கேதான் அருப்புக்கோட்டை வருகிறது.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். கைத்தறி, விசைத்தறி இரண்டும் பார்த்த ஊர். சேலைக் கரையில் மாங்காயோ பூவோ விழ வேண்டுமென்றால் தறியின் தலையில் ஜக்கார்டு பெட்டி ஏற வேண்டும். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு. ஓட்டை போட்ட அட்டைகள். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல் மேலே தூக்கும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். ஓட்டை உண்டு, இல்லை. ஒன்று, பூஜ்யம். கம்ப்யூட்டர்களின் கொள்ளுத்தாத்தாவான எந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ் இந்த அட்டை யோசனையைத் தறியிலிருந்துதான் எடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. ஐந்தரை மீட்டர் சேலை முழுக்க மாங்காய் ஓடுகிறது என்பதற்காக ஐந்தரை மீட்டருக்கும் அட்டை வெட்டுவதில்லை. ஒரே ஒரு மாங்காய்க்கு வெட்டி, அட்டைகளை நூலால் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிந்துவிடுகிறார்கள். மாலை மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், மாங்காய் விழுந்துகொண்டே இருக்கும். புரொகிராம் எழுதுகிறவர்கள் இதை ‘லூப்’ என்பார்கள். இன்ட்ரோவின் முதல் ரகசியம் இது. ஒரு தடவை எழுது, ஆயிரம் தடவை ஓட்டு.

இரண்டாவது ரகசியம் இன்னும் அழகு. படத்தைச் சேர்த்து வைக்காதே, படம் வரைகிற விதியை மட்டும் வை. ஓகெஸன் தன் மெட்டின் ஸ்வரங்களை வரிசையாக எழுதி வைக்கவில்லை. எண்களைக் குலுக்கிப் போடுகிற ஒரு குட்டிக் கணக்கை எழுதி, அது ஸ்வரங்களை உதிர்க்கும்படி செய்தார். எது காதுக்கு இனிக்கிறது என்று தேர்ந்ததில்தான் அவர் கை இருக்கிறது.

இதையும் நாம் பார்த்திருக்கிறோம். மார்கழியில் பத்திரிகைகள் கோலப் பக்கம் போடுகின்றன. கோலத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை.’ அவ்வளவுதான். நடுவில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் 14, 13, 12 என்று குறைத்துக்கொண்டே 8-ல் நிறுத்த வேண்டும். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி. 169 புள்ளிகளின் இடத்தையும் ஒரே வரியில் சுருட்டி வைத்திருக்கிறார்கள்! திருச்சுழியில் வாசல் தெளிக்கிற பெண், முழுக் கோலத்தையும் போட்டோ மாதிரி மனசில் சுமந்துகொண்டு வருவதில்லை. விதியை மட்டும் கொண்டுவருகிறாள். தரையில் குனிந்ததும் விதி கோலமாகிறது.

சுருங்கச் சொல்வது அந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வெங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷியாகி, அத்தனை வேதாந்தத்தையும் ‘நான் யார்?’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கினார்.

கோலத்துக்குள் ஒரு புரொகிராம் இருக்கிறது என்பதை முதலில் விஞ்ஞானமாக எழுதியவர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். தாம்பரம் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கூடவே கமலா கிருதிவாசன். 1974-ல் ஒரு சர்வதேசக் கணினி வரைகலைப் பத்திரிகையில் மூவரும் கோலத்தின் இலக்கணம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. பின்னால் சிரோமணி தம்பதியர் இன்னொன்றும் கவனித்தார்கள். கோலம் போடத் தெரிந்தவர்கள் அதை உருவமாக நினைவில் வைத்திருக்கவில்லை. ‘நேரே போ, வலது பக்கம் வளை, சுற்றித் திரும்பு’ என்று அசைவுகளாக வைத்திருக்கிறார்கள். உத்தரவுகளின் வரிசைக்குப் பெயர்தானே புரொகிராம்?

‘கிருஷ்ணன் சதங்கை’ என்கிற கோலத்தைக் கணிதக்காரர்கள் ஒற்றை விதியாக எழுதிவிட்டார்கள். ஒரு துண்டை எடு, அதற்குப் பதில் நாலு துண்டை வளைத்து வை, திரும்பச் செய். இரண்டு துண்டில் ஆரம்பித்தால் 8, 32, 128, 512 என்று வாசலை மீறி வளர்ந்துகொண்டே போகும். விதி மட்டும் அதே ஒரு வரி.

* * *

இவ்வளவு இருந்தும் நம் ஊரில் ஏன் இந்த இன்ட்ரோக் கலை முளைக்கவில்லை? மூளை இல்லாமல் இல்லை. மெஷின் வீட்டுக்கு வரவில்லை.

1984-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ. பின்பு மொகாலியில் இருந்த அரசு நிறுவனம் அதையே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது. நல்ல மெஷின், 32 கே நினைவகம். அதே 1984-ல், அதே பி.பி.சி. மைக்ரோவுக்காக, டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலீட்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் எட்டு நட்சத்திர மண்டலம், மண்டலத்துக்கு 256 உலகம், மொத்தம் 2048 உலகங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசாங்கம், வியாபாரம் எல்லாம் உண்டு. இத்தனையும் எங்கே வைத்தார்கள்? எங்கேயும் வைக்கவில்லை. வெறும் 6 பைட் விதை எண்ணிலிருந்து ஒரு கணக்கு அவ்வளவு உலகங்களையும் முளைக்க வைத்தது.

ஒரே மெஷின், ஒரே வருஷம். அங்கே அது பையனின் அறையில், ராத்திரி ரெண்டு மணிக்கும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. இங்கே பூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு, வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினைச் சுற்றி ஏழெட்டுப் பேர். கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்திலேயே பாதி நேரம் போகும். கொஞ்சம் கெடுத்துப் பார்க்க அனுமதி இல்லாத இடத்தில் வித்தை பழக முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் நம் நடுத்தர வீடுகளுக்கு வந்தபோது, அது விண்டோஸோடு பெரிய பெட்டியாக வந்தது. பைட்டுக்குப் பைட் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே அப்போது போய்விட்டது.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘பார்த்தீர்களா, பற்றாக்குறைதான் கலையை வளர்க்கிறது’ என்று பேசுவது சுலபம். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சிக்கனம் யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததல்ல. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கண்மாய்கள், அது பொய்த்தால் குண்டாற்றில் வெறும் மணல். வாசல் தெளிக்கிற செம்புத் தண்ணீருக்கும் கணக்குப் பார்க்கிற வருஷங்கள் உண்டு. வறட்சி வேறு, வரம்பு வேறு. ஐரோப்பியப் பையன்களுக்கு 256 பைட் என்பது வரம்பு, நாமே போட்டுக்கொண்டால் ஆட்டம் ருசிக்கும் என்று வைத்த கோடு. வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். வறட்சியிலிருந்து விலக முடியாது, பிழைப்புக்குத் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறத்தான் முடியும். வறண்ட மண்ணிலும் அந்தப் பெண் தினம் ஒரு கோலம் போட்டாள் என்றால் அது வறட்சியின் புண்ணியமல்ல. அவளுடைய சமர்த்து.

அப்புறம் இன்னொரு வித்தியாசம். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பையன்கள் முதல் நாளிலிருந்தே பெயர் போட்டார்கள். திருட்டில் ஆரம்பித்தபோதே பெயர் போட்டார்கள்! யார் எழுதியது, யார் சங்கீதம், எந்தக் குழு, எந்த வருஷம், எந்தத் திருவிழா, எத்தனையாவது பரிசு, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ஃபிளாப்பிகள் பூசணம் பூத்து அழிவதற்குள் ஒவ்வொன்றாகப் படித்துக் காப்பி எடுத்து வைத்தார்கள். விளைவு, 2020-ல் பின்லாந்து இந்தக் கலையைத் தன் வாழும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சவுனா குளியல் இருக்கிற அதே பட்டியல். 2021-ல் ஜெர்மனியும் போலந்தும் சேர்த்தன. வெறும் நாற்பது வருஷக் கலைக்கு இந்த மரியாதை.

நம் பக்கத்துக் கணக்கு என்ன? எத்தனை தலைமுறையாகக் கோலம் போடுகிறோம், ஒரு கோலத்துக்காவது போட்டவர் பெயர் தெரியுமா? அருப்புக்கோட்டைச் சேலையின் மாங்காயை முதலில் கட்டத்தாளில் வரைந்து அட்டை வெட்டியவர் யார்? சேலைக்கு ஊர்ப் பெயர் உண்டு, கடைப் பெயர் உண்டு, அவர் பெயர் இல்லை. கோலமாவது மறுநாள் காலையில் அழிவதற்கென்றே போடுவது, அது அதன் அழகு. ஆனால் கோல நோட்டு? கல்யாணமாகிப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போன நாற்பது பக்க நோட்டு. பென்சில் புள்ளி, பேனாக் கம்பி, அம்மாவிடம் கற்றது, பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்து வரைந்தது. அதுதான் மூலப் புரொகிராம். அது இன்று பழைய பேப்பர்காரர் தராசில் கிலோக் கணக்கில் போகிறது. பழைய ஜக்கார்டு அட்டைகள் அடுப்பெரிக்கப் போகின்றன.

பின்லாந்துக்காரர்கள் செய்ததில் மாயம் ஒன்றுமில்லை. பெயர் எழுதினார்கள், வருஷம் எழுதினார்கள், தூக்கிப் போடாமல் வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ ஒரு கோல நோட்டு கிடந்தால் எடுத்து, முதல் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று மூன்று விஷயம் மட்டும் குறித்து வையுங்கள். அம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.

அதற்கு 256 பைட்டே தாராளம்.